பெரியம்மாவின் தொண்டையில் தார்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி அந்த எண்ணெய் வயலில் அவர் எல்லோருக்கும் மூக்கண்ணன். மனைவிக்குக் கோபம் வந்தால், "அந்த மூக்கண்ணன் பட்டத்தை வாசல்லயே கழட்டி வச்சுட்டு உள்ள வாங்க" என்பாள். அவர் மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. நான்கு பேர் மத்தியில் நின்றால் தனியாகத் தெரியாத மூக்குதான். ஆனால் அவர் மோந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் பம்பு லாரியின் மோட்டார் ஓடும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, அங்கே வேலை செய்தவர்களின் வழக்கம்.

அந்த வழக்கம் ஏன் வந்தது என்று சொல்லிவிட வேண்டும். பூமிக்குள்ளிருந்து ஏறி வரும் கச்சா எண்ணெய் சும்மா வராது. மேலே வர வரச் சூடு தணிந்து, அழுத்தம் குறைந்து, தன்னோடு கலந்திருந்ததை எல்லாம் குழாயின் உள்பக்கத்தில் அப்பிவிட்டு வரும். பாத்திரம் கழுவுகிற தொட்டியின் குழாயில் பிசுக்கு அடைப்பது மாதிரிதான், ஆனால் இது பாதாள ஆழம், கம்பியை விட்டுக் குத்தி எடுத்துவிட முடியாது. அப்பிக்கொள்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெழுகு. விரல் சூட்டிலேயே குழையும், டீசல் விட்டால் போதும். இன்னொன்று தார். கரி போலக் கறுத்து, பளபளத்து, நொறுங்கும். அதற்குச் சைலீன் என்கிற கரைப்பான்தான் மருந்து. கிணற்றுக்குள் இறக்கி, வாயை மூடி ஊறவைத்துத் திறந்தால் தார் கரைந்து எண்ணெயோடு வெளியே வந்துவிடும். தார்க் கிணற்றில் சைலீனுக்குப் பதிலாக டீசலையோ மண்ணெண்ணெயையோ விட்டால் தொலைந்தது. இருக்கிற தாரும் கரையாது, எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடந்த தாரும் பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி திரிந்து இறங்கி, பாக்கியிருந்த இடைவெளியையும் அடைத்துவிடும்.

பார்வைக்குச் சைலீனும் மண்ணெண்ணெயும் ஒன்றுபோலத் தண்ணீராக இருக்கும். வித்தியாசம் வாசனையில்தான். பல வருஷத்துக்கு முன்னால், அப்போதைய சப்ளைக்காரர் அனுப்பிய ஒரு டேங்கரின் மூடியைத் திறந்ததுமே, "இது சைலீன் இல்ல, இறக்காதீங்க" என்று அவர் கத்தி நிறுத்தினார். சோதித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்குக் கிடைத்த பட்டம். அதிலிருந்து எந்த டேங்கர் வந்தாலும் ஒரு குவளையில் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். "மூக்குக்கு வேர்த்துடுச்சாண்ணே?" என்று கேலி செய்வார்கள். அவரும் கல்யாண வீட்டில் பெரிய மனிதர் மாதிரி நிதானமாக மோந்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்த ஒரு தலையாட்டலில் அவருக்கு ஒரு பெருமை. இல்லை என்று சொன்னால் பொய்.

கம்பெனி முகமூடி கொடுத்திருந்தது. நல்ல முகமூடிதான். ஆனால் முகமூடியை மாட்டிக்கொண்டு எப்படி மோந்து பார்ப்பது? அது அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எந்த மூக்கை நம்பி எல்லோரும் நின்றார்களோ அந்த மூக்கை அந்த வேலையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பேர் நின்ற இடத்தில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவருக்கே அது தெரிந்தது ஒரு சாதாரணக் காலையில். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படுக்கையறையிலிருந்து மனைவி கத்தினாள்.

"ஏங்க, பால் கருகுது! வீடே நாறுது. பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்றீங்க?"

திரும்பிப் பார்த்தால் பாத்திரத்தின் அடி கரிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. "ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்று சமாளித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்து மோந்தார். ஒன்றுமில்லை. சோப்பை மோந்தார், தன் வேலைச் சட்டையை மோந்தார். எல்லாமே வெறும் காற்று. அந்த ஈரத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் நேரே டாக்டரிடம் போயிருப்பார்கள். அவர் போகாததற்குக் காரணம் படுக்கையறையில் இருந்தது. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் கம்பெனி ஆஸ்பத்திரியில், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுகிற இயந்திரத்தோடு அவளைப் பிணைத்து வைப்பார்கள். "உங்களுக்கும் அந்த மெஷினுக்கும் ஒரே வேலைதாங்க. ஆனா அது உங்களை மாதிரி அலட்டிக்காது" என்று அவள் கிண்டல் செய்வாள். வேலையில் இருக்கிறவர்களின் குடும்பத்துக்கு மட்டும் அங்கே ஒரு கார்டு உண்டு. வேலை போனால் கார்டு போகும். அடுத்த இயந்திரம் இருந்தது தலைநகரத்தில், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்தில். அங்கே வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் தங்கள் முறை வருவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

எனவே மூச்சு விடவில்லை. வருஷாவருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், நெஞ்சில் குழலை வைத்தார்கள். மூக்கு வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காக அன்று அவர் கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னார்.

மோந்து பார்க்கிற வேலைக்கு வேறு வழி கண்டுபிடித்தார். டேங்கரில் குழாய் மாட்டுகிறவரை ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். நெடுநெடுவென்ற ஆள், மனதில் ஒன்றை மறைத்து வைக்கத் தெரியாதவர். சைலீன் வாடை பட்டாலே அவர் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி கோணும். மற்ற எண்ணெய்களுக்குக் கோணாது. குவளையில் பிடித்துக் கொண்டுவருவதும் ஒட்டகம்தான். மூக்கண்ணன் குவளையை வாங்கிக்கொண்டு கண்ணைப் பாதி மூடுவார். மூடின மாதிரிதான் இருக்கும். இமைக்கு அடியில் ஒட்டகத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் கோணினால் தலையை ஆட்டுவார். இப்படியே வண்டி ஓடியது. ஒவ்வொரு முறையும் சரியாகவே முடியும்.

இந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவுக்கு அடைத்தது. பெரியம்மா என்பது கிணறு. அந்த வயலிலேயே மூத்த கிணறு, பாதிக் குடும்பத்துக்குச் சோறு போட்ட கிணறு என்பதால் அப்படிக் கூப்பிட்டார்கள். மற்றவை ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டிருக்க, இதை நம்பித்தான் வயல் நின்றது. தலைமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் மேடத்துக்குச் சொல்லிவிட்டார்கள்: பெரியம்மா திரும்ப வந்தால் வயல் ஓடட்டும், வராவிட்டால் மூடிவிடலாம். வயலை மூடினால் குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பூட்டு.

மேடம் கறாரான பெண்மணி, ஆனால் வேலை தெரிந்தவர். பெரியம்மாவின் குழாயில் சுரண்டிய தார்க் கட்டியை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, சப்ளை செய்கிறவர் அனுப்பிய சாம்பிள் சைலீனை ஊற்றிச் சோதித்தார். கட்டி இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. "சரியான மருந்து. டேங்கர் வந்ததும் அண்ணன் மோந்து பார்த்துட்டு இறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். சாம்பிள் ஒன்று, டேங்கர் வேறொன்று என்று இருக்கக்கூடும் என்பதற்காகத்தானே மூக்கண்ணன்?

டேங்கர் வந்த காலையில் காற்று சுழற்றி அடித்தது. ஒட்டகம் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வால்வைத் திறந்து குவளையில் பிடித்தார். கொண்டுவந்து நீட்டினார். முகமூடி மாட்டிச் சுற்றி நின்றவர்கள் யாரும் அன்று கேலி செய்யவில்லை. மூக்கண்ணன் குவளையை முகத்தருகே கொண்டுபோய், இமைகளைத் தாழ்த்தி, பார்த்தார். ஒட்டகத்தின் கண் இடுங்கியது. மூக்கு மேலே ஏறியது. முகம் மொத்தமும் ஒரு பக்கமாகக் கோணியது.

மூக்கண்ணன் தலையை ஆட்டினார். மோட்டார் உறுமியது.

அதற்கப்புறம்தான் ஒட்டகம் தும்மினார். ஒன்று, இன்னொன்று, அடுக்கடுக்காக. "ரெண்டு நாளா ஜலதோஷம்ணே. மூக்கு அடைச்சுக்கிட்டு ஒரு வாசனையும் தெரியல" என்று துண்டால் துடைத்துக்கொண்டார்.

மூக்கண்ணன் மோட்டாரைப் பார்த்தார். கையை உயர்த்தி "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்களே? இந்த சப்ளைக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட ஏமாற்றியதில்லை, இன்றைக்கு மட்டுமா ஏமாற்றிவிடப் போகிறார் என்று மனசு சப்பைக்கட்டு கட்டியது. டேங்கர் காலியாகும் வரை அவர் அந்தக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் திறந்தார்கள். அழுத்தமானியின் முள் எழவே இல்லை. இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்றார் மேடம். ஊறவைத்துத் திறந்தார்கள். பெரியம்மாவிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மேடம் கையுறையைக் கழற்றியபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அடைப்பா இருந்தா சைலீனுக்குக் கரைஞ்சிருக்கணும். கரையலன்னா அது அடைப்பே இல்ல. கீழ எண்ணெய் தீர்ந்துபோச்சு. அவ்வளவுதான்."

சரியான கணக்குத்தான். மூக்கண்ணன் தலையாட்டலை நம்பிப் போட்ட கணக்கு. தலைமை அலுவலகம், கிணற்றுக்குள் சிமெண்டை இறக்கி நிரந்தரமாக அடைத்துவிடச் சொன்னது. சிமெண்டு லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் சில மாதங்களில் மூடப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதன் முன்னால் நின்று ஒரு கர்ப்பிணிப் பெண் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை மூக்கண்ணன் பார்த்தார். அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் முடித்ததும், "மூக்கு போனது எனக்குத் தெரியும்" என்றாள். "பால் கருகின அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"நாளைக்குக் காலையில சிமெண்டு வருது. அதுக்குள்ள மேடம்கிட்ட சொல்லிட்டா, நிஜமான சைலீனை விட்டுப் பார்ப்பாங்க. பெரியம்மா வந்தாலும் வருவா."

"சொன்னா உங்களை வேலையில வச்சிருப்பாங்களா?"

"மாட்டாங்க."

"என் கார்டு?"

அவர் எழப் பார்த்தார்.

"சொல்லாதீங்க." அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை அவளுடையது. "சொல்லலன்னா ஆஸ்பத்திரி மூடுற வரைக்கும், சில மாசமாச்சும் எனக்கு இருக்கு. சொன்னா அதுவும் இல்ல. அந்த மெஷின்ல படுத்துக்கிட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன்ல? அதனால எனக்குச் சாகப் பயமில்லன்னு நினைச்சிட்டீங்களா? பயமா இருக்குங்க. ரொம்பப் பயமா இருக்கு. சொல்லாதீங்க."

"சரி" என்றார். அந்த "சரி" அப்போது உண்மையாகத்தான் வந்தது.

காலையில் சாலையில் சிமெண்டு லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு போன சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நல்லவன் என்று பெயர் வாங்கவேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அந்த லாரிகள் கிணற்றடியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். பாதி வழியில் ஓட ஆரம்பித்தார்.

மேடம் முதலில் நம்பவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து, "எது சைலீன்?" என்று நீட்டினார். அவர் இரண்டையும் மோந்தார். இடது பக்கத்தைக் காட்டினார். அது மண்ணெண்ணெய்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா, மேடம்."

மேடம் எழுந்து போய், பம்பு லாரித் தொட்டியின் அடியில் மிச்சமிருந்ததைப் பிடித்து மோந்தார். முகம் சிவந்துவிட்டது. "மண்ணெண்ணெய் மாதிரி நாறுது! இதையா பெரியம்மாவுக்கு விட்டீங்க?" என்று கத்தினார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை வீசி, "சிமெண்டை நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினார். குழாய் முனையைக் கிணற்றுவாயில் வைத்தே விட்டிருந்தார்கள்.

அன்றே அவரை வளாகத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். புது டேங்கர் வந்ததையும், மேடமே குப்பியில் பிடித்துச் சோதித்ததையும், இறக்கியதையும் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒட்டகம் மட்டும் வேலியருகே வந்தார். திட்டுவார் என்று மூக்கண்ணன் நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. நான் மோந்து சொல்லியிருப்பேன். நீங்க தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

மூக்கண்ணனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு எளிதான வழி ஒன்று பக்கத்திலேயே, கையில் குவளையோடு, இத்தனை நாள் நின்றிருக்கிறது.

பெரியம்மா மறுநாள் வந்தாள். முதலில் காற்று இரைந்தது, பிறகு கறுப்பாகக் கட்டி கட்டியாக எதையோ துப்பினாள், பிறகு சீராக எண்ணெய் ஓடத் தொடங்கியது. ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்த அறிவிப்பைக் கிழித்துப் போட்டார்கள். மேடம் மனசு கேட்காமல் அவருக்காகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தார். உண்மையை மறைத்துக் கிணற்றைக் கெடுத்தவருக்குச் சலுகை கிடையாது என்று பதில் வந்தது. அன்று இயந்திரத்தில் அவளுக்கு இருந்த முறையோடு மனைவியின் கார்டு முடிகிறது என்றார்கள்.

கடைசி முறைக்கு அவர்தான் அழைத்துப்போனார். அவர் மேடத்திடம் சொன்ன நாளிலிருந்து அவள் அவரோடு பேசுவதை விட்டிருந்தாள். இயந்திரம் ஓடி முடிந்தது. நர்ஸ் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். நர்ஸுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாளன்னைக்கு இந்த இடத்துல யாரு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒரு டிரைவரோட சம்சாரம்க்கா. சின்னப் பொண்ணு. ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தா."

"இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். திரையை இழுத்து விடு" என்றாள் மனைவி.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தலைநகரத்து ஆஸ்பத்திரியில் பேரைப் பதிந்துகொண்டு காத்திருப்பதாக ஏற்பாடு. முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் தோளில் பை, அவள் கையில் கட்டு. பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தபோது அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு பொழைக்கட்டும். ஆனா சொல்லாதீங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக் கேட்டேன். சரின்னு சொல்லிட்டு, நான் தூங்கும்போது எழுந்து போனீங்க பாருங்க, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மன்னிக்க மாட்டேன்."

 பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினார்.

அவள் படியைப் பார்த்தாள். "உயரமா இருக்கு. கையைப் பிடிங்க" என்றாள்.